‘ஆட்டு’ என்பதற்கு ஆங்கிலத்தில் எத்தனை சொல்?

வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு கூட்டத்தில் நடந்ததை ஆங்கிலத்தில் எழுதி அனுப்பும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மேலாளர் தலையாட்டிச் சம்மதித்ததை ‘ஹி ஷுக் ஹிஸ் ஹெட்’ என்று எழுதிவிட்டேன். வேறு ஊர்க் கிளையிலிருந்து உடனே போன்: “ஏன் சார் வேண்டாம்னுட்டார்?”

நமக்குத் தலையாட்டினால் ‘சரி’. ஆங்கிலத்தில் தலையை ‘ஷேக்’ செய்தால் ‘மாட்டேன்’. சம்மதமாகத் தலையை மேலும் கீழுமாக ஆட்டினால் அவர்கள் சொல்வது ‘நாட்’ (nod).

தமிழில் தலை, கை, வால், தொட்டில் எல்லாவற்றையும் ‘ஆட்டு’ என்ற ஒரே சொல்லை வைத்து ஓட்டிவிடலாம். ஆங்கிலத்தில் அது நடக்காது. ஆனால் மனப்பாடம் எதுவும் வேண்டாம், மூன்று கேள்விகள் போதும்.

படி 1: ஆடுவது எது?

ஒரு நாயை எடுத்துக்கொள்வோம். நீங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் வாலை ஆட்டுகிறது. அது ‘வேக்’ (பையைச் சொல்லும் ‘பேக்’ போலச் சொல்லுங்கள்). குளிப்பாட்டி விட்டதும் உடம்பை ஒரு உதறு உதறி உங்களையும் நனைக்கிறதே, அது ‘ஷேக்’. தீபாவளி வெடிக்குப் பயந்து கட்டிலுக்கடியில் நடுங்கினால் ‘டிரெம்பிள்’. மார்கழிக் குளிரில் வெடவெடத்தால் ‘ஷிவர்’. தூக்கத்தில் ஒரு காது மட்டும் சட்டென்று துடித்தால் ‘ட்விட்ச்’. ஒரே நாய், ஐந்து வினைச்சொல்!

‘வேக்’ பெரும்பாலும் வாலுக்குத்தான். மனிதர்கள் ஆள்காட்டி விரலை ஆட்டி எச்சரிக்கும்போதும் வரும். கையை ஆட்டி வழியனுப்பினால் ‘வேவ்’. ஒருவரோடொருவர் கை குலுக்கினால் ‘ஷேக் ஹேண்ட்ஸ்’, பன்மையில். குலுக்க இரண்டு கை வேண்டுமே. மருந்துப் புட்டியைக் குலுக்குவதும் ‘ஷேக்’தான்.

சிறகு என்றால் அளவைப் பாருங்கள். காக்கை பெரிதாக அடித்துக்கொண்டு எழும்புவது ‘ஃபிளாப்’, வண்ணத்துப்பூச்சி படபடப்பது ‘ஃபிளட்டர்’.

படி 2: வேண்டுமென்றேயா, தானாகவா?

கால்விரல்களை நாமாக நெளித்து ஆட்டினால் ‘விகிள்’. நடுக்கம் தானாக வருவது. குளிர், காய்ச்சல் என்றால் ‘ஷிவர்’; பயம், கோபம், தளர்ச்சி என்றால் ‘டிரெம்பிள்’; அழப்போகிற குழந்தையின் உதடு என்றால் ‘க்விவர்’. அதனால் ‘ஐ டிரெம்பிள்டு மை ஹேண்ட்ஸ்’ என்று எழுதக் கூடாது. ‘மை ஹேண்ட்ஸ் டிரெம்பிள்டு’ என்றுதான் வரும்.

‘ஷேக்’ மட்டும் இரண்டு பக்கமும் போகும். நாமும் ஷேக் செய்யலாம், கையும் தானாக ஷேக் ஆகலாம். லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-இல் தான் விவரித்த நடுக்க நோயை ‘ஷேக்கிங் பால்சி’ என்றுதான் குறிப்பிட்டார்.

படி 3: பிடிமானம் எங்கே?

மேலே மாட்டித் தொங்குவது ஆடினால் ‘ஸ்விங்’: ஊஞ்சல், கடிகாரப் பெண்டுலம். அடி ஊன்றியிருக்க மேல்பாகம் நிதானமாக அசைந்தால் ‘ஸ்வே’: காற்றில் தென்னை. அடியே சரியில்லை என்றால் ‘வாபிள்’: ஒரு கால் குட்டையான டீக்கடை பெஞ்சு.

‘வாபிள்’ என்ற சொல்லில் விழுந்துவிடுமோ என்ற சந்தேகம் ஒட்டிக்கொண்டிருக்கும். 2000 ஜூன் 10 அன்று லண்டனில் தேம்ஸ் நதியின் மேல் மிலேனியம் பாலத்தைத் திறந்தார்கள். கூட்டம் நடக்க நடக்கப் பாலம் பக்கவாட்டில் ஆடியது. ஆட்டத்துக்கு ஏற்ப ஜனங்கள் கால் வைக்க, ஆட்டம் இன்னும் கூடியது. இரண்டே நாளில் மூடி, அதிர்வு தாங்கிகள் பொருத்தி, 2002-இல்தான் மறுபடி திறந்தார்கள். ஆட்டம் நின்றாலும் ‘வாப்ளி பிரிட்ஜ்’ என்ற பட்டப்பெயர் நின்றுவிட்டது. ‘ஸ்வே’ என்று சொல்லியிருந்தாலும் தப்பில்லை, ஆனால் அதில் அந்தப் பயம் இருக்காது.

அப்புறம் ஒரு குறுக்குவழி. விகிள், வாபிள், ஜிகிள் (லேசாகக் குலுங்குவது) எல்லாம் ‘ள்’ ஓசையில் முடிகின்றன. ஷிவர், க்விவர், ஃபிளட்டர், ஃபிளிக்கர் (விளக்கு விட்டுவிட்டு மினுக்குவது) எல்லாம் ‘ர்’ ஓசையில். திரும்பத் திரும்ப நடப்பதைக் காட்ட ஆங்கிலத்தில் நெடுங்காலமாக இருக்கும் விகுதிகள் இவை. நாம் படபட, வெடவெட என்று சொல்லை இரட்டிப்போம். அவர்கள் சொல்லுக்கு வால் ஒட்டுவார்கள். ‘வேக்’குக்கே வால் ஒட்டினால் ‘வேகிள்’. இப்படி முடியும் எல்லாச் சொல்லும் ஆட்டம்தான் என்று நம்பிவிடாதீர்கள், ‘டேபிள்’ ஆடாது. ஆடினால், மேலே சொன்ன பெஞ்சுதான்.

பயிற்சிக்கு, அடுத்த முறை பஸ்ஸில் ஏறும்போது சுற்றிப் பாருங்கள். ஓட்டுநர் கண்ணாடியில் தொங்கும் மாலை ஸ்விங், சட்டைப் பையில் போன் வைப்ரேட், ஜன்னல் கண்ணாடி லொடலொடப்பது சத்தத்தோடு சேர்த்து ‘ராட்டில்’.

ஆமாம், அந்த மேலாளர்! அவர் தலையை மேலும் கீழுமாக ஆட்டவே இல்லை. தோளுக்குத் தோள் லேசாகச் சாய்த்து, நம் ஊர்ப் பாணியில் ஒரு ஆட்டு ஆட்டினார். அது ‘நாட்’டும் இல்லை, ‘ஷேக்’கும் இல்லை. வெள்ளைக்காரர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் ‘ஹெட் வாபிள்’.