வொற்றைக் கூட்டமுதல் அன்ரனாவைப் பாருங்கோ

எஃப்எம் வடிவாக் கேக்கேல்லை எண்டா உடன எல்லாரும் சொல்லுறது ரான்ஸ்மிற்றர் காணாது, பவரைக் கூட்டு எண்டுதான். பவரை ரெண்டு மடங்காக்கினாலும் கூடுறது 3 டெசிபல் (சிக்னல் கூடிக் குறையிறதை அளக்கிற அலகு), கேக்கிற ஆளுக்குப் பெரிசா ஒண்டும் தெரியாது, கரண்ட் பில்லில மட்டும் நல்லாத் தெரியும்.

முதல் பிழை ரான்ஸ்மிற்றரில இருந்து அன்ரனாவுக்குப் போற வயர். மலிவு எண்டு மெல்லிய ஆர்ஜி-58ஐ 30 மீற்றர் இழுத்தா 100 மெகாஹேட்ஸ் பக்கத்தில 5 டெசிபல் மட்டில அதுக்குள்ளயே போயிடும், அதாவது 100 வொற் குடுத்தா மேல போய்ச் சேருறது மூண்டில ஒரு பங்கு மாதிரித்தான்.

இனி எஸ்டபிள்யூஆர் மீற்றர், அனுப்பின பவரில எவ்வளவு திரும்பி வருது எண்டு காட்டுறது, 1 எண்டா ஒண்டும் திரும்பேல்லை, கூடக்கூட மோசம். உதிலதான் கனபேர் ஏமாறுறது. ரான்ஸ்மிற்றரடியில வச்சு 1.3 காட்டுது, அருமை எண்டு விட்டிடுவினம். அந்த 30 மீற்றர் வயரின்ர மேல் நுனியில அன்ரனாவே இல்லாட்டிலும் மீற்றர் 2 பக்கத்திலதான் நிக்கும், ஏனெண்டா திரும்பி வாறதையும் வயரே குடிச்சிடும். எங்களுக்கும் ஒருக்கா மாரி முடிய சாவகச்சேரிப் பக்கம் கேக்கேல்லை எண்டு ஆக்கள் சொல்லுகினம், மீற்றரோ முந்தியைவிட நல்லாக் காட்டுது, ரெண்டு கிழமை தலையைப் பிச்சுக்கொண்டு திரிஞ்சு கடைசியில ரவர்ல ஏறி கனெக்டரைக் கழட்டினா சொட்டுச் சொட்டாத் தண்ணி, உள்ளுக்க செப்புப் பின்னல் முழுக்கப் பச்சைக் களிம்பு. உப்புக் காத்து ஊர் இது, சாதாரண கறுப்பு ரேப் காணாது. தன்னோட தானே ஒட்டுற ரப்பர் ரேப்பைக் கீழயிருந்து மேல சுத்துங்கோ, அப்பதான் மழைத்தண்ணி மடிப்புக்குள்ள இறங்காது.

நீளம் பெரிய கதையில்லை, 142.5ஐ மெகாஹேட்ஸால பிரிச்சா அரை அலை டைபோல், அதாவது அலையின்ர பாதி நீளத்தில வெட்டுற சாதாரண அன்ரனா, எவ்வளவு நீளம் எண்டு மீற்றரில வரும். 98க்கு 1.45. ஆரோ 107க்கு வெட்டினதை அப்பிடியே கொண்டந்து பூட்டாதேங்கோ.

உயரத்துக்குத்தான் காசு போடோணும். யாழ்ப்பாணம் தட்டை நிலம், மறைக்க மலையில்லை, பனைதான். 15 மீற்றர்ல அன்ரனா நிண்டா ரேடியோ அடிவானம், அதாவது பூமி வளைவு மறைக்கமுதல் அலை போற தூரம், 16 கிலோமீற்றர், 60 மீற்றர்ல 32. ஆனா உயர்த்திப்போட்டு ரவர்க் காலோட ஒட்டிப் பூட்டினா அந்த இரும்பே அலையைக் குழப்பி ஒரு பக்கம் தூக்கும் மற்றப் பக்கம் விழுத்தும், ஊர்காவற்றுறையில கணீரெண்டு கேக்கும், பருத்தித்துறையில இரைச்சல். தள்ளிப் பூட்டிப்போட்டு ரெண்டு பக்கமும் ஆக்களை விட்டு சின்ன ரேடியோவில கேட்டுப் பாருங்கோ, மீற்றரை நம்பிக்கொண்டு கீழ நிக்காதேங்கோ.