திருட்டுப் பழி போட்டால் முதலில் என்ன செய்வது?

மண்டபம் பக்கம் அவித்த நண்டிலிருந்து சதை எடுக்கும் ஒரு கம்பெனியில் வேலை பார்த்த என் சித்தி மேல், நண்டுச் சதையில் 400 கிராம் குறைகிறது, நீதான் எடுத்தாய் என்று பழி போட்டார்கள். முதல் எடை ஈரத்தோடு போட்டது, இரண்டாவது நீர் வடிந்த பிறகு. அவித்த சதையில் நீர் இறங்கினால் எடை குறையத்தானே செய்யும்! ஆனால் அன்றைக்கு அவர் அழுதுகொண்டே வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்ததுதான் எங்களை மாதக்கணக்கில் அலைய வைத்தது.

அதனால் சொல்கிறேன், யார் மிரட்டினாலும் வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். ராஜினாமாவும் எழுதிக் கொடுக்காதீர்கள். "குற்றச்சாட்டை எழுத்தில் கொடுங்கள், எழுத்திலேயே பதில் தருகிறேன்" என்று மட்டும் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் தேதி, நேரம், தராசுக்குப் பக்கத்தில் நின்றது யார், எத்தனை மணிக்கு எடை போட்டார்கள் என்று எல்லாவற்றையும் பிள்ளைகளின் நோட்டிலாவது எழுதிவிடுங்கள், நாள் போனால் மறந்துவிடும். பதிலை நகல் எடுத்துக்கொண்டு தபாலில் அனுப்புங்கள், ரசீது பத்திரம்.

அப்புறம் சம்பளம். உங்கள் விளக்கத்தைக் கேட்காமல் அபராதம் பிடிக்கக் கூடாது, பிடித்தாலும் அந்தச் சம்பளத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். சரக்கு நட்டம் என்று பிடித்தாலும் முதலில் விளக்கம் கேட்டாக வேண்டும். மீறினால் ராமநாதபுரத்தில் தொழிலாளர் துறையிடம் மனு கொடுங்கள். வக்கீலுக்குக் காசில்லையே என்று தயங்க வேண்டாம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, 15100க்குப் போன் செய்து கேளுங்கள்.

பக்கத்தில் உட்கார்ந்து சதை எடுத்த அக்காவிடம் அன்றைக்கே பேசிவிடுங்கள், அவரும் அதே தராசைப் பார்த்தவர்தான்.