கியர்பொக்ஸைக் கழற்ற முதல்: பழைய ஜீப்பில் நாங்கள் விடுகிற பிழைகள்

கார்த்திகை மழை. புதுக்குடியிருப்பில் ஒரு செத்தவீட்டுக்குப் போய்விட்டு ஏ35 வீதியால் பரந்தன் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தோம். விசுவமடு கழிய, என்னுடைய ஓட்டோ கியர் (தானாகக் கியர் மாறும்) மொன்ரெரோ ஜீப் மூன்றாம் கியரில் நின்றுவிட்டது. நிறுத்தி எடுத்தால் மாட்டுவண்டில் மாதிரித்தான் அசைகிறது. மீற்றருக்குள் ஒரு லைற் விட்டுவிட்டு மின்னியது. அடுத்த நாள் இரண்டு கராஜில் காட்டினேன். இரண்டிலும் ஒரே பதில்: "அண்ணை, பொக்ஸ் போட்டுது." ஒருவர் கொழும்பில் பழைய பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தைக்கு அடித்துக் கேட்டு, ஹாஃப் கட் (பாதியாக வெட்டி இறக்கிய வண்டி) பொக்ஸ் ஒன்று இருக்கு, இண்டைக்குக் காசு போட்டால் நாளைக்கு லொறியில் வரும் என்று கணக்கும் எழுதித் தந்தார்.

மூன்றாவதாகப் போனது மாங்குளத்தில் வயரிங் வேலை செய்யும் ஒரு வயதான ஐயாவிடம். அவர் கியர்பொக்ஸ் பக்கம் குனியவே இல்லை. மல்ரிமீற்றரின் ஒரு முனையைப் பற்றறியின் மைனஸ் முளையிலும் மற்றதை எஞ்சின் இரும்பிலும் வைத்துக்கொண்டு, "தம்பி, ஸ்டார்ட் அடி" என்றார். 1.4 வோல்ட் காட்டியது. ஸ்டார்ட்டர் சுற்றும்போது அந்த இடத்தில் 0.2 வோல்ட் அளவில்தான் இருக்கவேண்டும். எஞ்சினிலிருந்து பொடிக்கு வரும் எர்த் பட்டியைக் கழற்றிக் காட்டினார். வெளியில் நல்ல செம்பு. போல்ட்டுக்கு அடியில் பச்சைப் பாசி மாதிரித் துரு. புதுப் பட்டி போட்டு, இரும்பைச் சுரண்டி இறுக்கியதற்கு ஆன செலவு இரண்டு பேரின் மத்தியானச் சாப்பாட்டுக் காசுகூட இல்லை. பொக்ஸ் இன்றைக்கும் அதேதான்.

நடந்தது இதுதான். ஓட்டோ கியர்பொக்ஸில் கியரை மாற்றுவது ஒயில் அழுத்தம். அந்த ஒயில் எந்த வழியால் போகவேண்டும் என்று திறந்து மூடுவது சொலனொயிட் எனும் சின்ன மின்காந்த வால்வுகள். அவற்றை ஏவுவது ஒரு கொம்பியூட்டர். கரண்ட் பற்றறியிலிருந்து போனால் மட்டும் காணாது, திரும்பி வரவும் வழி வேண்டும். எர்த் துருப்பிடித்தால் திரும்பும் வழி அடைபடுகிறது, வோல்ட் கூடிக் குறைகிறது. கொம்பியூட்டர் குழம்பி, பொக்ஸைக் காப்பாற்றுவதற்காக ஒரு கியரில் பூட்டிவிடுகிறது. அந்த மொன்ரெரோவில் அது மூன்றாம் கியர். பொக்ஸ் உடைந்ததால் அல்ல, உடையக்கூடாது என்பதற்காக அப்படி நின்றது.

எஸ்.யூ.வி. என்று எழுதினாலும் எங்களுக்கு எல்லாம் ஜீப்தான்: மொன்ரெரோ, பிராடோ, பற்றோல், விற்றாரா, ரூப்பர். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். அந்த இடைக்காலத்தில் இருபது, முப்பது வயது ஜீப்புகள் கைமாறிக் கைமாறி வன்னிக்குள் வந்து சேர்ந்தன. எஞ்சின் பெரும்பாலும் கல்லு. கரைச்சல் தருவது வயரும் பொக்ஸும். அதிலும் முக்கால்வாசி நாங்களே செய்து வைக்கும் கரைச்சல்.

அளக்காமல் மாற்றுவது

ஜீப் வைத்திருப்பவர் ஒரு மல்ரிமீற்றர் வாங்கி வைத்திருக்க வேண்டும். இதை நான் ஜாக்கைவிட முக்கியம் என்பேன். இரவு முழுக்க நின்ற வண்டியில், காலையில் திறப்புப் போட முதல் பற்றறியை அளந்தால் 12.6 வோல்ட் இருக்கவேண்டும். 12.4 என்றால் முக்கால் சார்ஜ். 12.0 என்றால் ஏறக்குறைய வெறுமை. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை வந்தால் பற்றறிக்குச் சார்ஜ் ஏற்றும் ஒல்ரனேற்றர் வேலை செய்கிறது. 13க்குக் கீழே நின்றால் சார்ஜ் போகவில்லை. 15ஐத் தாண்டினால் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேற்றர் பிழை, பற்றறி வெந்துவிடும். இந்த இலக்கங்கள் தெரியாமல்தான் ஒரு வருடத்தில் இரண்டு பற்றறி மாற்றுகிறோம்.

நிற்கும் வண்டியில் பற்றறி இறங்குகிறதா? எல்லாம் நிறுத்தி, கதவு பூட்டி, மைனஸ் வயரைக் கழற்றி இடையில் அம்பியர் மீற்றரைப் போட்டு அரை மணித்தியாலம் விடுங்கள். 50 மில்லி அம்பியருக்குள் இருந்தால் சரி. அரை அம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 12 அம்பியர்-மணி போகிறது; 70 அம்பியர்-மணிப் பற்றறி ஆறு நாள் தாங்காது. பிறகு பியூஸை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தால் எந்தப் பியூஸுக்கு மீற்றர் விழுகிறதோ அங்கேதான் கள்ளன். அநேகமாக அது பிறகு பூட்டிய செற், அலாரம், பின்பக்கக் கமெரா என்று ஏதாவது ஒன்றாக இருக்கும்.

ஓடும் எஞ்சினில் பற்றறியைக் கழற்றுவது

வன்னியில் இதை ஒரு வித்தை மாதிரிச் செய்துகாட்டுவார்கள். "ஒல்ரனேற்றர் நல்லமோ எண்டு பாப்பம்" என்று எஞ்சின் ஓட ஓட ஒரு ரேர்மினலைத் தூக்குவார்கள். எஞ்சின் நிற்காவிட்டால் நல்லதாம். பழைய லாண்ட் மாஸ்ரர் கை டிராக்டருக்கும் டீசல் டிராக்டருக்கும் பழகிய கை அது. ஒல்ரனேற்றர் தரும் கரண்டின் ஏற்ற இறக்கத்தை விழுங்கிக்கொள்வது பற்றறிதான். அதைத் திடீரென்று எடுத்தால் வோல்ட் ஒரு கணம் பல மடங்கு எகிறும். ஒல்ரனேற்றரின் டயோட்டோ, எஞ்சின் கொம்பியூட்டரோ, கியர்பொக்ஸ் கொம்பியூட்டரோ அந்த ஒரு கணத்தில் போய்விடலாம். அன்றைக்கே தெரியாது, இரண்டு கிழமைக்குப் பிறகு கியர் உதைக்கத் தொடங்கும்போது யாருக்கும் அந்த வித்தை ஞாபகத்தில் இராது.

இதற்கு அண்ணன், வெல்டிங். புல் பார், கூரைக் கரியர், பின்கொக்கி எதை ஒட்டினாலும் முதலில் பற்றறியின் இரண்டு வயரையும் கழற்றுங்கள். வெல்டிங் எர்த் கிளிப்பை ஒட்டும் இடத்துக்குப் பக்கத்திலேயே பிடிக்கச் சொல்லுங்கள்.

பியூஸும் பல்பும்

15 அம்பியர் பியூஸ் எரிகிறது. கடையில் 15 இல்லை. 30 போடுவோம், அதுவும் இல்லாவிட்டால் சிகரட் பெட்டி ஈயத்தாள். பியூஸ் இருப்பது வயரைக் காப்பாற்ற. பெரிய பியூஸ் போட்டால் அடுத்து எரிவது வயர், அதுவும் டாஷ்போர்டுக்குப் பின்னால்.

அந்தப் பியூஸ் ஏன் எரிந்தது என்று பார்த்தால் பல தடவை கெட்லைற்றில் வந்து நிற்கும். நெடுங்கேணிப் பக்கம் இரவில் ஓடியவருக்குத் தெரியும், மாடும் யானையும் லைற்றுக்கு எட்டும் தூரத்தில்தான் தெரியும். அதனால் 55 வாட் பல்பை எடுத்துவிட்டு 100 வாட் போடுகிறார்கள். இரண்டு 55 வாட் பல்பு இழுப்பது 9 அம்பியர் சொச்சம். இரண்டு 100 வாட் கிட்டத்தட்ட 17 அம்பியர். இருபத்தைந்து வயது வயரும் சுவிட்சும் அதைத் தாங்காது. சுவிட்ச் உருகும், லைற்றும் எதிர்பார்த்த வெளிச்சம் தராது. தேவை என்றால் பற்றறியிலிருந்து தனி வயர், தனிப் பியூஸ், ஒரு ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) போட்டுச் செய்யுங்கள். பழைய 55 வாட் பல்பே ரிலேயில் போட்டதும் வெளிச்சம் கூடுவதைப் பார்க்கலாம். நான் இன்னும் அதோடுதான் ஓடுகிறேன்.

காலபோக வெட்டு முடிந்து நெல்மூட்டை வீட்டுக்கு வந்ததும் எலியும் வரும். மூட்டை அடுக்கிய கொட்டிலுக்குப் பக்கத்தில் ஜீப் விடாதீர்கள். எலி கடித்த வயரை முறுக்கி ரேப் சுற்றி விடுவது அடுத்த மழை வரைக்கும்தான். ஈயம் பற்றி, சூட்டில் சுருங்கும் குழாய் போட்டு மூடவேண்டும்.

சிவப்பு ஒயில் எல்லாம் ஒரே ஒயில் அல்ல

ஓட்டோ பொக்ஸில் நான் கண்ட அழிவுக்கு முதல் காரணம் பிழையான ஒயில். மொன்ரெரோவுக்கு எஸ்.பி. 3, பிராடோவின் பழைய பொக்ஸுக்கு டெக்ஸ்ரோன், பிந்தியதற்கு டபிள்யூ.எஸ். என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வகை. எல்லாம் சிவப்பு, எல்லாம் வழுக்கும் என்று கிடைத்ததை ஊற்றினால் உள்ளே கிளட்ச் தட்டுகள் பிடிக்கவேண்டிய நேரத்தில் வழுக்கும், வழுக்கவேண்டிய நேரத்தில் உதைக்கும்.

அளவு பார்ப்பதிலும் பிழை. எஞ்சின் ஒயில் மாதிரிக் காலையில் குளிரப் பார்க்கக்கூடாது. பத்துப் பதினைந்து கிலோமீற்றர் ஓடி, சமதரையில் நிறுத்தி, எஞ்சின் ஓட, லீவரை எல்லா இடத்துக்கும் ஒருதரம் கொண்டுபோய் வந்து, கையேடு சொல்லும் இடத்தில் (சிலதுக்கு பி எனும் பார்க், சிலதுக்கு என் எனும் நியூட்ரல்) வைத்துத்தான் குச்சியை இழுக்கவேண்டும். சில பொக்ஸில் குச்சியே இல்லை. அதைத் தெரிந்தவரிடம் விடுங்கள். ஒயிலை வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு விட்டு மணந்து பாருங்கள். கடும் பழுப்பாகி, கருகின மணம் வந்தால் கிளட்ச் எரிந்திருக்கிறது. கீழ்த் தட்டைக் கழற்றினால் காந்தத்தில் சாம்பல் நிறக் களி இருக்கும். அது வயதுக்கு உரியது, பயப்படத் தேவையில்லை. ஊசி மாதிரி இரும்புச் சீவல் இருந்தால் பயப்படலாம்.

வடித்து ஊற்றும்போது பாதி ஒயில்கூட வெளியே வராது, மிச்சம் எஞ்சினையும் பொக்ஸையும் இணைக்கும் ரோர்க் கொன்வேர்ட்டருக்குள் நிற்கும். ஆகவே வடித்து ஊற்றி, சில நாள் ஓடி, திரும்ப வடித்து ஊற்றுவது நல்லது. வருடக்கணக்காக மாற்றாத பொக்ஸுக்கு மெசினால் அழுத்தி முழுதாகக் கழுவுவதை நான் விரும்புவதில்லை. கிளம்பும் அழுக்கு போய் நிற்கும் இடம் அந்தச் சின்ன வால்வுகள்தான்.

இன்னொரு கொலைகாரன் ரேடியேற்றர். ஓட்டோ பொக்ஸின் ஒயில் குளிர்வது பெரும்பாலும் ரேடியேற்றரின் அடித்தொட்டிக்குள் இருக்கும் குழாயில். எங்களுடைய கிணற்றுத் தண்ணியைக் கொதிக்கவைக்கும் கேத்திலின் அடியைப் பாருங்கள், வெள்ளையாகப் படை படையாக ஏறியிருக்கும். கிணற்றில் அள்ளி ஊற்றினால் ரேடியேற்றருக்குள் நடப்பதும் அதுதான். தண்ணி சூடேறும், கியர் ஒயிலும் சூடேறும். குழாய் அரித்து ஓட்டை விழுந்தால் கூலன்றும் ஒயிலும் கலந்து, குச்சியில் ஸ்ரோபெரி மில்க் சேக் நிறத்தில் வரும். அதைக் கண்டால் எஞ்சினை உடனே நிறுத்துங்கள். கூலன்றும் காய்ச்சி வடித்த தண்ணியும் வாங்கி ஊற்றும் காசு ஒரு பொக்ஸோடு ஒப்பிட்டால் சும்மா.

நாலு சில்லு

சேற்றுக்கு 4எச் (நாலு சில்லும் இழுக்கும் நிலை) போட்டவர் ஏ9 தார் வீதி ஏறியபிறகும் எடுக்க மறந்தால், பற்றோல், விற்றாரா போன்றவற்றில் முன் சில்லும் பின் சில்லும் ஒன்றையொன்று முறுக்கும். வளைவில் ஜீப் துள்ளுவது அதனால்தான். மொன்ரெரோவின் சூப்பர் செலக்டில் 4எச் தாரில் ஓடலாம், முன் சில்லும் பின் சில்லும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் நடு டிஃபரன்சலைப் பூட்டும் 4எச்.எல்.சி. கூடாது. அந்த மொன்ரெரோவில் நாலு சில்லு லைற் மின்னிக்கொண்டே இருந்தால் உடனே ட்ரான்ஸ்ஃபர் கேஸை (இழுவையை முன், பின் சில்லுக்குப் பிரிக்கும் பெட்டி) கழற்ற விடாதீர்கள். வெடித்த வக்யூம் ரியூப், சொலனொயிட் அல்லது சேறு போன சுவிட்ச்தான் முதலில் பார்க்கவேண்டியது. நாலு ரயரும் ஒரே அளவாக இருப்பதும் முக்கியம்.

தண்ணியும் டிராக்டரும்

மாரியில் தாம்போதி வழிந்தோடும்போது ஜீப்தானே என்று இறக்கிவிடுகிறோம். ஓடிச் சூடான டிஃபரன்சல் குளிர்ந்த தண்ணிக்குள் இறங்கியதும் உள்ளே காற்றுச் சுருங்கித் தண்ணியை உறிஞ்சும். காற்றுப் போய்வரும் பிறீதர் குழாய் கழன்றிருந்தால் இன்னும் லேசு. அப்படி இறங்கியிருந்தால் அடுத்த நாளே அடிப்போல்ட்டைக் கொஞ்சம் இளக்கிப் பாருங்கள். பால்தேத்தண்ணி நிறத்தில் வந்தால் முழு ஒயிலையும் மாற்றவேண்டும். பி-யில் ஸ்டார்ட் ஆகாமல் என்-னில் ஆகிறதென்றால் அதே தண்ணி லீவர் சுவிட்சுக்குள் போயிருக்கலாம். அதுவும் பொக்ஸ் கோளாறு இல்லை.

நின்றுபோன ஓட்டோ ஜீப்பை டிராக்டரில் கட்டி இழுப்பது எங்கள் ஊர் வழக்கம். ஓட்டோ பொக்ஸுக்கு ஒயில் அடிக்கும் பம்ப் எஞ்சினோடுதான் சுற்றும். எஞ்சின் நிற்க, சில்லு உருள, உள்ளே ஒயில் இல்லாமல் தேய்கிறது. ஒட்டுசுட்டானிலிருந்து மாங்குளம் வரைக்கும் அப்படி இழுத்த ஒரு ஜீப் நல்ல பொக்ஸோடு புறப்பட்டுக் கெட்ட பொக்ஸோடு வந்ததைக் கண்டிருக்கிறேன். போனதோ எரிபொருள் பம்ப் மட்டும். தட்டு லொறி கிடைக்காவிட்டால், சில்லுப் பக்கம் சுழற்சியைக் கொண்டுபோகும் ப்ரொப்பெல்லர் சாஃப்டைக் கழற்றிவிட்டு இழுங்கள். சில போல்ட்தான்.

வாங்கப் போகிறவருக்கு

விற்பவரிடம் முதலே சொல்லிவையுங்கள், எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று. குளிர் ஸ்டார்ட்டில்தான் பற்றறியும் பொக்ஸும் வாய் திறக்கும். டி-யில் போட்டதும் ஒரு விநாடிக்குள் வண்டி இழுக்கவேண்டும்; மூன்று விநாடி யோசித்தால் நீங்களும் யோசியுங்கள். வண்டிக் கொம்பியூட்டரை வாசிக்கும் ஸ்கானரில் பி0700 என்று வந்தால் "பொக்ஸ் முடிஞ்சுது" என்று விலை குறைக்கவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம். கியர்பொக்ஸ் கொம்பியூட்டரிடம் சொல்ல ஏதோ இருக்கிறது என்பது மட்டும்தான் அதற்கு அர்த்தம். அது என்ன என்பது கூட வரும் மற்ற இலக்கத்தில் இருக்கும்.

திறப்பை ஓன் வரைக்கும் திருப்பி, ஸ்டார்ட் அடிக்காமல் மீற்றரைப் பாருங்கள். எஞ்சின் லைற், கியர் லைற் எல்லாம் எரியவேண்டும், ஸ்டார்ட் ஆனபிறகு அணைந்திருக்கவேண்டும். வவுனியாவில் நான் பார்க்கப் போன ஒரு பற்றோலில் எஞ்சின் லைற் எரியவே இல்லை. "ஒரு பிழையும் இல்லாத வண்டி அண்ணை, அதுதான் எரியேல்லை" என்றார் விற்க வந்தவர். மீற்றரைக் கழற்றிப் பார்க்க, அந்தச் சின்னக் கண்ணாடிக்குப் பின்னால் கறுப்பு ரேப் ஒட்டியிருந்தது.