பெங்களூரில் இருந்தபடியே சிட்னியில் குடும்பத்துக்கு ஏற்ற ஏரியாவைத் தேர்வு செய்வது எப்படி?

விசா கைக்கு வந்ததும் நம் ஆட்கள் முதலில் கேட்பது, "சிட்னியில் தமிழர்கள் எங்கே அதிகம்?" என்பது. அடுத்தது, "ஆபீஸுக்கு எது பக்கம்?" இரண்டும் கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் குடும்பத்தோடு போகிறவர்கள் அவற்றுக்கு முன்னால் இன்னொன்றைக் கேட்க வேண்டும்: ஆபீஸ் போகாதவர் பகல் முழுக்க என்ன செய்யப் போகிறார்? கணவரோ மனைவியோ, முதல் சில மாதம் வேலையும் இல்லாமல், காரும் இல்லாமல், குழந்தைகளோடு அந்த ஏரியாவில் வாழப் போகிறவர் அவர்தான். அதனால் முதல் ஓட்டு அவருடையது.

சிட்னியில் சில வருடம் குடும்பத்தோடு இருந்துவிட்டு பெங்களூருக்கே திரும்பி வந்தவள் நான். அல்சூரிலும் வைட்ஃபீல்டிலும் தெரிந்தவர்கள் யாராவது கிளம்பினால், கூட உட்கார்ந்து இந்த வேலையைச் செய்து கொடுப்பது வழக்கம். அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

படி 1: வாடகையை வாரக் கணக்கில் போடுங்கள்

அங்கே வாடகை வாரத்துக்கு இவ்வளவு என்றுதான் விளம்பரத்தில் இருக்கும். வாரம் 650 டாலர் என்று வைத்துக்கொள்வோம். நாலால் பெருக்கி மாதம் 2,600 என்று எழுதிவிடாதீர்கள். 52ஆல் பெருக்கி 12ஆல் வகுத்தால் 2,817 வரும். இந்த 217 டாலர் வித்தியாசம் மாதாமாதம் இடிக்கும்.

பத்து மாத அட்வான்ஸ் கேட்டே பழகிய நமக்கு ஒரு நல்ல செய்தி. சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், பாண்ட் என்கிற முன்பணம் அதிகபட்சம் நாலு வார வாடகைதான். அதுவும் ஓனர் கையில் இருக்காது, அரசிடம் கட்டப்பட்டிருக்கும். முன்கூட்டி வாங்கும் வாடகையும் இரண்டு வாரத்துக்கு மேல் போகக் கூடாது. ஆக, 650 டாலர் வீட்டுக்குள் நுழைய 3,900 டாலர். ஆனால் பெரும்பாலான வீடுகளில் அடுப்பும் ஓவனும் மட்டும்தான் இருக்கும். ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், கட்டில் எல்லாம் நாம் வாங்க வேண்டியது. அதற்கும் பணம் ஒதுக்குங்கள்.

ஒரு ஏரியாவில் வாடகை நியாயமா என்று பார்க்க, மாநில அரசின் 'ரென்ட் செக்' என்ற இலவச வசதி இணையத்தில் இருக்கிறது. டொமைன் போன்ற வீட்டு விளம்பரத் தளங்களையும் ஒரு வாரம் தினமும் பாருங்கள், நிலவரம் பிடிபட்டுவிடும்.

படி 2: ஒரு செவ்வாய்க்கிழமையைக் காகிதத்தில் எழுதுங்கள்

வீட்டில் இருக்கப் போகிறவர் எழுத வேண்டும், மணி வாரியாக. ஒன்பது மணிக்குள் பெரிய குழந்தையைப் பள்ளியில் விட வேண்டும். சின்னது தள்ளுவண்டியில். வழியில் பால், காய்கறி. மூன்று மணி வாக்கில் பள்ளி விட்டுவிடும், மறுபடி அழைத்து வர வேண்டும். நடுவில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் டாக்டரிடம். பெங்களூரில் ஸ்கூல் வேன் வாசலுக்கு வரும், ஆட்டோ கிடைக்கும், மளிகை பத்து நிமிடத்தில் வீட்டுக்கே வந்துவிடும். அங்கே இந்த ஒவ்வொன்றும் நடையாகவோ பஸ்ஸாகவோ மாறும்.

"கார் வாங்கிவிடுவோம் அக்கா" என்பார்கள். வாங்கலாம், ஆனால் லைசென்ஸ்? இந்திய லைசென்ஸை வைத்துக் கொஞ்ச நாள் ஓட்டலாம். அங்கே குடியிருக்கத் தொடங்கிச் சில மாதத்துக்குள் அந்த மாநில லைசென்ஸுக்கு மாற வேண்டும், அதற்கு எழுத்துத் தேர்வும் உண்டு, வண்டி ஓட்டியும் காட்ட வேண்டும். வீட்டில் இரண்டு பேரும் இதை முடிக்கும்வரை கால்தான் வண்டி. எனவே நிபந்தனை இது: பள்ளி, சூப்பர் மார்க்கெட், கிளினிக், ரயில் நிலையம் ஆகிய நான்கில் குறைந்தது மூன்று பதினைந்து நிமிட நடைக்குள் இருக்க வேண்டும். இதில் தேறாத ஏரியாவை வாடகை குறைவு என்பதற்காக எடுக்காதீர்கள்.

படி 3: ரயில் பாதையைப் பிடித்துக்கொண்டு தேடுங்கள்

முதலில் ஆபீஸ் எங்கே என்று மேனேஜரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். "சிட்னி" என்ற பதில் போதாது. ஐ.டி. வேலைகள் நகர மையத்திலும் உண்டு, நார்த் சிட்னி, மெக்குவாரி பார்க், பரமட்டா என்று பல மூலைகளிலும் உண்டு. கிளையன்ட் இடத்தில் வேலை என்றால் அது மாறவும் மாறலாம். அதனால் ஒரே ஆபீஸுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொள்வதைவிட, பல இடத்துக்கும் போகும் பாதையின் மேல் இருப்பது நல்லது.

மேற்குப் பாதையில் பரமட்டா, வெஸ்ட்மீட், வென்ட்வொர்த்வில், பெண்டில் ஹில், டூங்காபி என்று வரிசையாக வரும். பரமட்டாவிலிருந்து நகர மையத்துக்கு வேகமான ரயிலில் அரை மணி நேரம் சுமார். எல்லா ரயிலும் எல்லா ஸ்டேஷனிலும் நிற்காது என்பதை மறக்க வேண்டாம். வடமேற்கில் கெலிவில், காசில் ஹில், செரிபுரூக் பக்கம் 2019இல் வந்த மெட்ரோ இப்போது மெக்குவாரி பார்க் வழியாக நகர மையத்தைத் தாண்டியும் போகிறது. 2024 ஆகஸ்ட்டில் நீட்டித்தார்கள்.

பெங்களூர் சில்க் போர்டு ஜங்ஷன் நெரிசலில் நின்றவர்களுக்குக் கிலோமீட்டரை நம்பக் கூடாது என்று தெரியும். அதே புத்தியை இங்கேயும் பயன்படுத்துங்கள். கூகுள் மேப்ஸில் செவ்வாய் காலை ஒன்பது மணிக்குப் போய்ச் சேருவது போல நேரம் வைத்து, வீட்டு வாசலிலிருந்து ஆபீஸ் வாசல் வரை பாருங்கள்.

படி 4: பள்ளி எல்லையைச் சரிபாருங்கள்

அரசுப் பள்ளிகள் அங்கே நன்றாக நடக்கின்றன, பெரும்பாலான குழந்தைகள் அங்கேதான் படிக்கிறார்கள். ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு எல்லை உண்டு. மாநிலக் கல்வித் துறையின் 'ஸ்கூல் ஃபைண்டர்' பக்கத்தில் முகவரியைப் போட்டால் எந்தப் பள்ளி என்று காட்டும். ஏரியா பெயரை மட்டும் போட்டு நிறுத்தாதீர்கள். ஒரே ஏரியாவுக்குள் தெருவுக்குத் தெரு பள்ளி மாறும், எதிர்வரிசை வீட்டுக்குக்கூட வேறு பள்ளியாக இருக்கலாம்.

இந்த இடத்தில் விசாவையும் பாருங்கள். பி.ஆர். என்கிற நிரந்தரமாகத் தங்கும் விசா உள்ளவர்களுக்கு அரசுப் பள்ளியில் இடமும் உண்டு, படிப்புக் கட்டணமும் கிடையாது. 482 போன்ற தற்காலிக வேலை விசாவில் வருகிறவர்கள் நியூ சவுத் வேல்ஸில் அரசுப் பள்ளிக்கே வருடக் கட்டணம் கட்ட வேண்டும், முதலில் தனியாக விண்ணப்பித்து அனுமதியும் வாங்க வேண்டும். இரண்டு குழந்தைகள் என்றால் இது வாடகை பட்ஜெட்டையே மாற்றிவிடும். கம்பெனி இதைத் தருமா என்று ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள், பின்னால் கேட்டால் கிடைப்பது கஷ்டம்.

கல்வி ஆண்டு ஜனவரி கடைசியிலோ பிப்ரவரி தொடக்கத்திலோ ஆரம்பிக்கும். ஜூலை 31க்குள் ஐந்து வயது முடிகிற குழந்தை அந்த வருடத் தொடக்கத்திலேயே, பள்ளியின் தொடக்க வருடமான கிண்டர்கார்டனில் சேரலாம்.

கிராவீன் ஹை ஸ்கூலின் பெயரைச் சொல்லி அந்தப் பக்கமே வீடு தேடுகிற பெற்றோர் உண்டு. அது தேர்வு எழுதித்தான் சேரக்கூடிய செலக்டிவ் பள்ளி. பக்கத்துத் தெருவில் குடியிருந்தாலும் அதனால் இடம் கிடைக்காது.

படி 5: உட்கார்ந்த இடத்திலிருந்தே தெருவில் நடங்கள்

பலர் விடுவது இந்தப் படியைத்தான், எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவதும் இதுதான். கூகுள் மேப்ஸில் தெருவின் படங்களைக் காட்டும் ஸ்ட்ரீட் வியூவில் அந்த மஞ்சள் பொம்மையை ஸ்டேஷன் வாசலில் இறக்குங்கள். பார்த்து வைத்த வீடு வரை, ஒவ்வொரு சொடுக்காக நடந்து போங்கள். நடைபாதை தெருவின் இரண்டு பக்கமும் இருக்கிறதா, ஒரு பக்கம் மட்டுமா, அல்லது வெறும் புல்லா? தள்ளுவண்டியை இறக்கி ஏற்றச் சரிவு இருக்கிறதா? கிரேட் வெஸ்டர்ன் ஹைவே மாதிரி அகலமான சாலை நடுவில் வந்தால், கடக்க சிக்னல் எங்கே? மேப்பில் எதிரில் தெரியும் கடைக்குச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கும். மேடும் மேப்பில் தெரியாது, படத்தில் ஓரளவு தெரியும். நிழல் தரும் மரங்கள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். மூலையில் படம் எடுத்த வருடம் போட்டிருக்கும், பழையதென்றால் புதிய கட்டடங்கள் அதில் இருக்காது.

பிறகு வீட்டிலிருந்து பள்ளிக்கு அதே போல நடங்கள். வீட்டில் இருக்கப் போகிறவரே மவுஸைப் பிடிக்கட்டும்.

படி 6: கடை, கோவில், நம்ம மக்கள்

தமிழ்ப் பேச்சு காதில் விழாமல் மாதக்கணக்கில் இருப்பது கஷ்டம், முக்கியமாகப் பெற்றோர் கூட வந்து தங்கும்போது. வென்ட்வொர்த்வில், பெண்டில் ஹில், டூங்காபி பக்கம் தமிழ்க் குடும்பங்கள் நிறைய, இலங்கைத் தமிழர்கள் அதில் பெரும் பங்கு. அரிசி, கறிவேப்பிலை, இடியாப்பம் எதற்கும் அலைய வேண்டாம். மேஸ் ஹில்லில் சிட்னி முருகன் கோவில் இருக்கிறது. ஹோம்புஷ் பக்கமும் இலங்கைத் தமிழர் கடைகள் உண்டு. வார இறுதித் தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றன. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்விலேயே தமிழை ஒரு பாடமாக எடுக்க முடியும். ஆனால் கோவிலுக்கு வாரம் ஒரு முறை போவோம், பள்ளிக்குத் தினமும் இரண்டு முறை. அந்த அளவுக்குத்தான் இதற்கு மதிப்பெண் போட வேண்டும்.

படி 7: வெயில், குளிர், வெள்ளம்

மின்விசிறியே போதும் என்று இருந்தவர்கள் கவனியுங்கள். மேற்கே போகப் போகக் கடல் காற்று எட்டாது. மேற்குக் கோடியில் இருக்கும் பென்ரித்தில் 2020 ஜனவரி 4 அன்று 48.9 டிகிரி பதிவானது. அந்தப் பக்கம் ஏசி இல்லாத வீடு வேண்டாம். குளிர்காலத்துக்கு வேறு கணக்கு: அங்கே சூரியன் வடக்குப் பக்கமாகச் சாய்ந்து போகும், அதனால் ஹால் ஜன்னல் வடக்கே பார்த்திருந்தால் வெயில் உள்ளே வரும். தெற்கே மட்டும் ஜன்னல் உள்ள வீட்டில் துணி காயாது, சுவரில் பூஞ்சை பிடிக்கும். வின்ட்சர் பக்கம் ஹாக்ஸ்பரி ஆறு 2021, 2022இல் கரை கடந்தது. ஆற்றை ஒட்டிய ஏரியா என்றால் கவுன்சில் என்கிற உள்ளாட்சி அமைப்பின் வெள்ள வரைபடத்தைப் பாருங்கள்.

படி 8: இரண்டு ஏரியாவோடு விமானம் ஏறுங்கள்

இங்கிருந்தே வீட்டைப் பிடிக்க முயல வேண்டாம். நேரில் பார்க்காத வீட்டுக்கு, படத்தையும் வீடியோவையும் நம்பி யாருக்கும் பணம் அனுப்பவே கூடாது. ஏமாற்றுபவர்கள் குறிவைப்பது வெளிநாட்டிலிருந்து தேடுகிறவர்களைத்தான். பட்டியலை இரண்டு ஏரியாவாகச் சுருக்கி, அதில் ஒன்றில் மூன்று நாலு வாரத்துக்குத் தற்காலிகத் தங்கல் எடுங்கள். வீடு பார்க்க ஏஜென்ட் ஒரு நேரம் சொல்வார், பெரும்பாலும் சனிக்கிழமை, கால் மணி நேரம்தான் திறந்திருக்கும். பிடித்தால் அன்றே விண்ணப்பம் போட, பாஸ்போர்ட், விசா, வேலை நியமனக் கடிதம், வங்கி அறிக்கை எல்லாம் போனிலேயே தயாராக இருக்க வேண்டும். பெங்களூர் வீட்டு ஓனரிடம் வாடகை ஒழுங்காகக் கட்டினீர்கள் என்று ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள், அங்கே வாடகை வரலாறே இல்லாத உங்களுக்கு அது உதவும்.

முதல் ஒப்பந்தம் ஆறு மாதத்துக்குக் கிடைத்தால் நல்லது. பன்னிரண்டு மாதம்தான் என்றாலும் பயப்பட வேண்டாம், நடுவில் கிளம்ப வேண்டி வந்தால் கட்டணத்துக்குச் சட்டத்திலேயே அளவு இருக்கிறது. ஒப்பந்த காலத்தில் கால் பங்குகூட முடியவில்லை என்றால் நாலு வார வாடகை, பாதிக்குள் என்றால் மூன்று, முக்கால் பங்குக்குள் என்றால் இரண்டு, அதற்கு மேல் ஒரு வாரம்.