முழங்கால் மாற்றும் முன் சுளகைப் பற்றியும் பேசுங்கள்

மூட்டு மாற்றி நாலாவது மாதம். சுளகை, அதாவது முறத்தை, கையில் வைத்துக்கொண்டு அம்மா திண்ணையோரம் நின்றாள். பீடி சுற்றுகிற நெல்லைச் சீமையில், முக்கூடல் பக்கத்துப் பெண்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பீடி சுற்ற சுளகு மடியில் நிலையாக நிற்க வேண்டும், அதற்குச் சம்மணம் போட வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாள். சுளகு சரிந்து இலையும் தூளும் தரையில் கொட்டின. "நடக்கதுக்குத்தான் மாத்தியிருக்காவ, உக்காருததுக்கு இல்ல போல" என்று அவளே சிரித்துக்கொண்டாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆபரேஷனுக்கு முன் டாக்டரை மூன்று தடவை பார்த்தோம். எக்ஸ்ரே, சுகர், செலவு எல்லாம் பேசினோம். அம்மா நாள் முழுக்கத் தரையில் உட்கார்ந்து வேலை செய்கிறவள் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. நாங்கள் செய்த தவறுகளில் இதுதான் பெரியது.

பலர் எக்ஸ்ரேயைப் பார்த்தே முடிவெடுக்கிறார்கள். "நாலாம் ஸ்டேஜ், மாத்திருங்க" என்றதும் பயந்துவிடுகிறோம். நன்றாகத் தேய்ந்த மூட்டோடு வயல் வரப்பில் நடப்பவர்களும் உண்டு, படத்தில் லேசான தேய்மானம் இருந்தும் தூங்க முடியாமல் தவிப்பவர்களும் உண்டு. படம் எடுப்பதானால் நின்றபடி எடுக்கச் சொல்லுங்கள். படுத்து எடுத்தால் எலும்புகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி குறைந்திருக்கிறது என்பது சரியாகத் தெரியாது. இடுப்பு மூட்டுக் கோளாறும் முதுகு நரம்புக் கோளாறும்கூட முழங்காலில் வலியாக வருவதுண்டு. அதனால் இடுப்பையும் அசைத்துப் பார்க்கிற டாக்டரிடம் காட்டுவது நல்லது. முடிவுக்கு உதவுகிற கணக்கு வேறு: வலியால் ராத்திரி எத்தனை முறை எழுகிறீர்கள், ஒரு மூச்சில் எவ்வளவு தூரம் நடக்கிறீர்கள், ஆற்றுப் படித்துறையில் இறங்கி ஏற முடிகிறதா, வாரத்துக்கு எத்தனை வலி மாத்திரை. ஒரு மாதம் காலண்டரில் குறித்துக்கொண்டு போனால், அந்தத் தாள் எக்ஸ்ரேக்குச் சமமாகப் பேசும்.

தேய்மானத்துக்கு இது அவசர ஆபரேஷன் அல்ல. இந்த மாதம் செய்யாவிட்டால் கால் போய்விடும் என்று யாராவது சொன்னால் இன்னொரு டாக்டரைப் பாருங்கள். அதற்குள் செய்ய வேண்டியவை இருக்கின்றன. தொடைத் தசைக்கான பயிற்சியைச் சில மாதம் விடாமல் செய்யுங்கள். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், நடக்கும்போது முழங்கால் ஒவ்வொரு அடிக்கும் தாங்கும் சுமையில் சுமார் 4 கிலோ குறையும். கைத்தடியை வலிக்கிற காலுக்கு எதிர்க் கையில் பிடிக்க வேண்டும். ஊரில் பாதிப் பேர் வலிக்கிற பக்கமே பிடிக்கிறார்கள். வெறும் தேய்மானத்துக்குத் துளை போட்டு மூட்டைக் கழுவுவதால் பலன் இல்லை என்பது 2002-லேயே ஆய்வில் தெரிந்துவிட்டது. ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்குச் சுகம் தரும். ஆனால் ஊசி போட்ட மூன்று மாதத்துக்குள் மூட்டை மாற்றினால் சீழ் பிடிக்கும் வாய்ப்பு கூடும் என்பதால், அதை டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அங்கே போய்க் காட்டுவதில் தவறில்லை. பேரும் லேபிளும் இல்லாத டப்பாச் சூரணம்தான் ஆபத்து. ரெண்டே நாளில் வலி பறந்துவிட்டது என்றால் உள்ளே ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். சுகர் ஏறும், எலும்பு மெலியும். அதை மாதக்கணக்கில் சாப்பிட்டுவிட்டுத் திடீரென நிறுத்தினாலும் உடம்பு விழுந்துவிடும்.

அவசரப்படுவது ஒரு தவறு என்றால், "இந்த வயசுல எதுக்கு" என்று தள்ளிக்கொண்டே போவது அதற்கு நேர் எதிரான தவறு. நீட்ட முடியாமல் மடங்கியே போன கால், சுருங்கிய தொடை, வில்லாக வளைந்த நடை என்று ஆன பிறகு மாற்றினால் பலன் குறையும். வயது மட்டுமே தடை இல்லை, இதயமும் சுகரும்தான் கேள்வி. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு (HbA1c) 8 சதவீதத்துக்கு மேல் இருந்தால் முதலில் அதைக் குறைக்கச் சொல்வார்கள். சொத்தைப் பல், சிறுநீர்த் தொற்று இருந்தால் அதையும் முன்பே சரிசெய்துவிட வேண்டும்.

தேதியைக் குடும்பத்தின் வசதிக்குக் குறிப்பதும் நம் ஊர்ப் பழக்கம். கோயில் கொடைக்கு வந்த மகன் லீவு முடியுமுன் ரெண்டு காலையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்கிறார்கள். சிலருக்கு அது சரிப்படும். இதயக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆபத்து கூடுதல். மகன் போன பிறகு கைத்தாங்கலாக நடத்திப் போக ஆறு வாரம் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துத் தேதி குறியுங்கள்.

மாற்றிய மூட்டு பத்தில் எட்டுப் பேருக்கு 25 வருடம் வரை உழைக்கிறது. அதே நேரம், ஐந்தில் ஒருவருக்கு முழுத் திருப்தி இருப்பதில்லை. தழும்புக்கு வெளிப்புறம் தோல் மரத்துப்போகும், சில மாதம் சூடாக இருக்கும், நடக்கையில் 'டக்' என்று சத்தம் வரும். எல்லாம் அடங்க ஒரு வருடம் ஆகலாம். குத்துக்கால் போடுவதும் சம்மணமும் வேண்டாம் என்றே பெரும்பாலும் சொல்வார்கள். அதனால் மேல்நாட்டுக் கழிப்பறையை முன்பே கட்டிவிடுங்கள். கூடுதலாக மடங்கும் என்று சொல்லி விலை உயர்ந்த மூட்டை விற்பார்கள். மாற்றுமுன் உங்கள் கால் எவ்வளவு மடங்கியதோ அதுதான் பெரும்பாலும் பிறகும் மடங்கும். ரோபோ எலும்பைத் துல்லியமாக வெட்ட உதவும். அதனாலேயே வலி குறைகிறது என்பது இன்னும் நிறுவப்படவில்லை.

பணம்: 2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை மூட்டுக்கு உச்சவரம்பு வைத்தது. ஒன்றரை லட்சத்துக்கு விற்ற சாதாரண கோபால்ட் குரோமியம் மூட்டு வரி நீங்கலாக 54,720 ரூபாய் ஆனது. கட்டுப்பாடு மூட்டுக்கு மட்டும்தான், மொத்த பேக்கேஜுக்கு இல்லை. பில்லில் மூட்டின் விலையைத் தனியே எழுதச் சொல்லுங்கள். அதற்கும் முன்னால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் எலும்புப் பிரிவையும், முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும் கேட்டுப் பாருங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு நாங்கள் செய்த இன்னொரு தவறு தலையணை. சுகமாக இருக்கட்டுமே என்று மதினி முழங்காலுக்கு அடியில் வைத்தாள். பத்து நாளில் கால் நீட்ட வராமல் போனது. பயிற்சி சொல்லிக் கொடுக்க வந்தவர் தலையணையை உருவிக் குதிகாலுக்கு அடியில் வைத்தார். "வலிக்கத்தான் செய்யும், நீட்டுங்கம்மா" என்றார். அம்மா அவரைத் திட்டிக்கொண்டே நீட்டினாள்.

இப்போது இடது முழங்காலும் வலிக்கிறது. போன மாதம் டாக்டரிடம் போனபோது அம்மா சுளகைப் பையில் போட்டு எடுத்து வந்துவிட்டாள். "இத மடியில வச்சு உக்காரணும் டாக்டரய்யா, முடியுமா முடியாதா, சொல்லிட்டு அப்புறம் அறுங்க." அவர் சுளகை வாங்கித் தன் மடியில் வைத்துப் பார்த்தார். சம்மணம் முடியாது என்று சொன்னார். பிறகு ஒரு தாளை எடுத்து, நாற்காலி உயரத்துக்குச் சுளகு நிற்கிற மாதிரி விளிம்பு வைத்த மேசை ஒன்றை வரைந்து, ஆசாரியிடம் காட்டச் சொன்னார். இடது கால் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாமாம்.