வால்வு கிடார் ஆம்ப்: பவர் ஸ்விட்சும் ஸ்டாண்ட்பையும்

இரண்டு 6வி6 பவர் வால்வு, இரண்டு 12ஏஎக்ஸ்7 ப்ரீஆம்ப் வால்வு, 275-0-275 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர், ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையராக 1என்4007 டயோடுகள்: இந்த ஒற்றைச் சேனல் ஆம்பை வைத்தே பார்ப்போம். இதற்குள் ஏறக்குறைய 400 வோல்ட் டிசி இருக்கும், உயிரைப் பறிக்கும். பிளக்கைக் கழற்றிய பிறகும் கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும்.

முதலில் எர்த். பச்சை ஒயரை டிரான்ஸ்ஃபார்மர் போல்ட்டில் சேர்க்காதீர்கள். சேஸிஸில் அதற்கென்றே தனி போல்ட், பல்வாஷர், ரிங் லக். ஒயர் இழுபட்டால் கடைசியாக அறுவது எர்த்தாக இருக்கும்படி நீளம் விடுங்கள்.

அடுத்து ஃபேஸ். இன்லெட்டிலிருந்து நேராக ஃப்யூஸ், அதன் பிறகே ஸ்விட்ச். 230 வோல்ட்டில் 500 மில்லிஆம்பியர் ஸ்லோ-ப்ளோ (நொடி நேர வீச்சைத் தாங்கும் ஃப்யூஸ்) போதும். ஸ்விட்ச் ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டிக்கும் டபுள் போல் வகையாக இருக்கட்டும். சுவர் சாக்கெட்டில் ஒயர் மாற்றிப் போட்டிருந்தாலும் ஆம்ப் முழுமையாக அணையும்.

இனி ஸ்டாண்ட்பை: வால்வுகளின் ஹீட்டரை எரியவிட்டு, உயர் டிசியை மட்டும் துண்டிக்கும் ஸ்விட்ச். இந்த அளவு ஆம்புக்கு அது தேவையில்லை என்பதே எங்கள் கருத்து. ஃபெண்டர் சாம்ப் 5எஃப்1-இல் அந்த ஸ்விட்சே கிடையாது. இடைவேளையில் ஒலியை நிறுத்த வேண்டுமென்றால், வால்யூம் பொட்டென்ஷியோமீட்டரின் நடுமுனையைச் சின்ன ஸ்விட்ச் வழியாகக் கிரவுண்டில் சேர்த்தாலே போதும். அங்கே உயர் டிசி இல்லை.

எச்டி லைனில்தான் (உயர் டிசி செல்லும் பாதையில்) ஸ்டாண்ட்பை வேண்டும் என்றால் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். கடைகளில் கிடைக்கும் டாகிள் ஸ்விட்சில் 250 வோல்ட் என்று போட்டிருப்பது ஏசிக்கு. ஏசி நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடுவதால் தீப்பொறி தானே அணையும். டிசியில் அணையாது, காண்டாக்ட் கருகி ஒட்டிக்கொள்ளும். ஆகவே டிசி ரேட்டிங்கைப் பார்த்து வாங்குங்கள்.

ஸ்விட்சை முதல் ஃபில்டர் கெபாசிட்டருக்குப் பிறகு வையுங்கள். அதற்கு முன்னால் வைத்தால், ஒவ்வொரு முறை போடும்போதும் காலி கெபாசிட்டர் ஒரே வீச்சில் மின்னோட்டத்தை இழுக்கும்; வால்வு ரெக்டிஃபையர் உள்ள ஆம்பில் வால்வுக்குள்ளேயே பொறி பறக்கும்.

ஸ்விட்சுக்குக் குறுக்கே 47 கிலோஓம் 3 வாட் ரெசிஸ்டர் இரண்டைத் தொடராக இணையுங்கள். ஹீட்டர் எரிந்தபடி மின்னோட்டமே ஓடாமல் வால்வு நெடுநேரம் கிடந்தால் கேத்தோடு பழுதாகும். இந்த ரெசிஸ்டர்கள் சிறிதளவு ஓட்டத்தை விடும்; ஸ்பீக்கரில் 'டொப்' சத்தமும் குறையும்.

லோடு இல்லாதபோது 275 வோல்ட் ஏசி, டிசியாகும்போது 389 ஆக ஏறும். மெயின்ஸ் 250-ஐத் தொட்டால் 423. கெபாசிட்டர்கள் எல்லாம் 500 வோல்ட் வாங்குங்கள். 450-ஐ நம்ப வேண்டாம். ஒவ்வொரு டயோடும் அந்த டிசியைப் போல இரு மடங்கைத் தாங்க வேண்டியிருப்பதால் பக்கத்துக்கு இரண்டு 1என்4007 தொடராகப் போடுங்கள். முதல் கெபாசிட்டருக்குக் குறுக்கே 100 கிலோஓம் 2 வாட் இரண்டு தொடராக. அணைத்தபின் அவைதான் மின்சாரத்தை வடிக்கும். இரண்டு நிமிடம் பொறுத்து, மீட்டரால் அளந்த பிறகே கை வையுங்கள்.

முதல் முறை மின்சாரம் கொடுக்கும்போது ஃபேஸில் 60 வாட் குண்டு பல்பைத் தொடராக இணையுங்கள். பளிச்சென்று எரிந்து மங்கினால் சரி. பளிச்சென்றே நின்றால் எங்கோ ஷார்ட்; உடனே அணைத்து, டயோடு திசையையும் கெபாசிட்டர் முனைகளையும் முதலில் பாருங்கள்.