உங்கள் பேரலுக்கு எந்த பெல்லட்? சுட்டுப் பார்த்துதான் சொல்ல முடியும்

ஏர் ரைஃபிளில் போடும் சின்ன ஈயக் குண்டுதான் பெல்லட். சுடும் ரேஞ்சுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் முதலில் கேட்பது, "அண்ணா, எந்த கம்பெனி பெல்லட் வாங்கலாம்?" என்னிடம் பதில் கிடையாது. ஒரே மாடல் ஏர் ரைஃபிள் இரண்டை எடுத்து, ஒரே டின்னிலிருந்து சுட்டாலும் ஒன்று ஒரே ஓட்டையில் போடும், இன்னொன்று சிதறும். பேரலுக்குள், அதாவது குண்டு போகும் குழாய்க்குள், மயிரிழை வித்தியாசம் இருந்தாலே போதும்.

10 மீட்டர் டார்கெட்டில் நடுப்புள்ளி 0.5 மி.மீ., பெல்லட் 4.5 மி.மீ. ஓட்டையின் விளிம்பு நடுப்புள்ளியைத் தொட்டாலே பத்து பாயின்ட் என்பதால், மையத்திலிருந்து 2.5 மி.மீ. தள்ளிப் போனாலும் பத்துதான். ஆனால் டெசிமலில், அதாவது தசமத்தில் ஸ்கோர் எண்ணும்போது ஒவ்வொரு கால் மி.மீ.க்கும் 0.1 போகும். சராசரியாக அரை மி.மீ. கூடுதலாக விலகினால் 60 ஷாட்டில் 12 பாயின்ட் காலி.

சரி, டெஸ்டுக்கு வருவோம். டின்னில் 4.49, 4.50, 4.51 மி.மீ. என்று பெல்லட்டின் தலை அளவு ஒட்டியிருக்கும். எடுத்தவுடன் முழு டின் வாங்க வேண்டாம், கிளப்பில் இருப்பவர்களிடம் ஒவ்வொன்றிலும் முப்பது முப்பதாகக் கேட்டு வாங்குங்கள். ஃபெல்ட் பெல்லட் (துடைக்க விடும் கம்பளித் துண்டு) இரண்டு மூன்று விட்டு பேரலைத் துடையுங்கள். ரைஃபிளை கிளாம்ப்பில் இறுக்குங்கள். தோளில் வைத்துச் சுட்டால் உங்களைத்தான் டெஸ்ட் செய்கிறீர்கள், பெல்லட்டை அல்ல.

பெல்லட் மாற்றும் ஒவ்வொரு முறையும் முதல் பத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள், பழைய ஈயப் பூச்சு போய்ப் புதியது படிய அவ்வளவு ஆகும். அப்புறம் பத்துப் பத்தாக ஒரே இடத்தைக் குறிவைத்து இரண்டு குரூப். ஐந்து ஷாட் குரூப்பை நான் நம்புவதில்லை, அதிர்ஷ்டத்தில் அழகாக விழுந்துவிடும். தட்டைத் தலை பெல்லட் அட்டையில் பஞ்ச் போட்டதுபோல் வட்டமாக வெட்டும், வெர்னியரில் வெளிவிளிம்புக்கு வெளிவிளிம்பு அளந்துகொள்ளுங்கள். 6 மி.மீ. பக்கம் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். 8 மி.மீ. வந்தால் அந்த அளவு உங்கள் பேரலுக்கு ஒத்துவரவில்லை, எவ்வளவு விலையாக இருந்தாலும் சரி.

தராசில் ஒவ்வொன்றாக எடை போட்டுப் பிரிக்கிறவர்கள் உண்டு. நானும் ஒரு வருடம் செய்தேன், கண் வலித்ததுதான் மிச்சம். அதைவிடப் பெல்லட்டின் பின்பக்கப் பாவாடை, அதாவது விரிந்த விளிம்பு, நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். டின்னைக் கீழே போட்டிருந்தால் கட்டாயம் பாருங்கள், நசுங்கியது தனியாகப் பறந்து போய் ஒன்பதில் நிற்கும், நாம் டிரிகரைத் திட்டிக்கொண்டிருப்போம்.

ஜெயித்த டின்னின் லாட் எண்ணை (தயாரிப்புத் தொகுதி எண்) குறித்துக்கொண்டு அதே லாட்டில் முடிந்த அளவு வாங்கிவிடுங்கள். பெயரும் அளவும் ஒன்றாக இருந்தாலும் அடுத்த லாட் வேறு மாதிரி நடந்துகொள்ளும், திரும்பவும் கிளாம்ப்பில் இருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். எல்லாம் ஈயம், அதனால் பெல்லட்டை வாயில் வைக்கிற பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள், முடித்ததும் சோப்பு போட்டுக் கை கழுவிவிட்டு அப்புறம் டீக்குப் போங்கள்.